சூடானதும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது உதைக்கும் 2004 எலன்ட்ரா ஆட்டோ: கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

நீலவண்டி (ஈப்போ)

வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு ஹூண்டாய் எலன்ட்ரா, நான்கு வேக ஆட்டோ கியர். அப்பா புதிதாக வாங்கி ஓட்டிய கார். கண் பார்வை மங்கியதால் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மூன்று ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. இதுவரை 231,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. எண்ணெய் குடிப்பதில்லை, புகையும் இல்லை.

குறை கியரில்தான். காலையில் எடுத்த முதல் பதினைந்து நிமிடங்களுக்குக் கியர் மாறுவதே தெரியாது. சூடேறிய பிறகு, மணிக்கு 45 அல்லது 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் யாரோ என் முதுகைக் காலால் உதைத்தது போல வண்டி குலுங்குகிறது. எல்லா முறையும் அப்படி இல்லை. பத்துக்கு நான்கு முறை இருக்கும். அதோடு, நின்ற இடத்தில் பி-யிலிருந்து (நிறுத்தம்) ஆர்-க்குத் (பின்னோக்கு) தள்ளினால் தரைக்கு அடியில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கிறது.

மூன்றாவதாக ஒன்று நடந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்திவிட்டது. கோலகங்சாரிலிருந்து திரும்பும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றத்தில் வண்டி திடீரென்று ஒரு முறை குலுங்கியது, அதன்பின் கியர் மாறவே இல்லை. டோலில் நின்று கிளம்பும்போது, மாட்டு வண்டியைத் தள்ளுவது போல அவ்வளவு மந்தம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து மறுபடி எடுத்தேன். எதுவுமே நடக்காதது போல ஓடியது. இது இரண்டு முறை நடந்திருக்கிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஃபோர்மன் (மெக்கானிக்) ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கருவி எதையும் மாட்டாமலேயே, "கிளட்ச் போய்விட்டது, முழுவதும் பிரித்துப் போட 3,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்" என்றார். காரின் விலையே அதைவிடச் சற்றுத்தான் கூட இருக்கும். எட்டு மாதங்களுக்கு முன்பு வேறோர் இடத்தில் கியர் எண்ணெய் மாற்றினேன். ரசீதில் 'ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) 4 லிட்டர்' என்று மட்டுமே இருக்கிறது. பிரிப்பதற்கு முன் நான் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய இரும்பு (சிரம்பான்)

நண்பரே, ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) ஒரு கியர்பாக்ஸ் வாங்கி மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பேரம் பேசினால் 1,200 வெள்ளிக்குக் கிடைக்கும், ஒரே நாளில் வேலை முடியும். இருபது ஆண்டு ஓடிய பெட்டியை ஆராய்ந்து கொண்டிருப்பதில் பயனில்லை. எதைச் செய்தாலும், பழைய வண்டிக்குப் புது எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். ஊற்றினால் ஓடிக் கொண்டிருப்பதும் நின்றுவிடும்.

கிள்ளான் ஃபோர்மன்

முப்பது ஆண்டுகள் பட்டறையில் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். தம்பி நீலவண்டி, நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாக அந்தப் பட்டறை எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்-இல் வரும் சத்தமும், சூட்டில் வரும் உதையும், ஏற்றத்தில் கியர் ஒன்றிலேயே மாட்டிக்கொண்டதும் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம். எந்தக் கியரில், எந்தச் சூட்டில், கால் எவ்வளவு அழுத்தியிருக்கும்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது என் பழக்கம்.

உங்கள் காரில் இருப்பது எஃப்4ஏ42 என்ற குடும்பத்தைச் சேர்ந்த பெட்டி. மிட்சுபிஷி வடிவமைத்தது, ஹூண்டாயும் கியாவும் அதையே பல கார்களில் போட்டன. இதன் உள்ளே மூன்று கிளட்சுகளும் இரண்டு பிரேக்குகளும் (சக்கர பிரேக் அல்ல, பெட்டிக்குள் சுழலும் பாகத்தைப் பிடித்து நிறுத்துபவை) இருக்கின்றன: அண்டர்டிரைவ், ஓவர்டிரைவ், ரிவர்ஸ் ஆகியவை கிளட்சுகள், லோ-ரிவர்ஸ், செகண்ட் ஆகியவை பிரேக்குகள். எந்தக் கியர் ஆனாலும் இவற்றில் இரண்டு பிடித்தால்தான் வண்டி நகரும். முதல் கியருக்கு அண்டர்டிரைவும் லோ-ரிவர்ஸும், இரண்டாவதற்கு அண்டர்டிரைவும் செகண்டும், மூன்றாவதற்கு அண்டர்டிரைவும் ஓவர்டிரைவும், நான்காவதற்கு ஓவர்டிரைவும் செகண்டும், பின்னோக்கிப் போக ரிவர்ஸ் கிளட்சும் லோ-ரிவர்ஸும் பிடிக்கும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி நோயறிதல் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். அண்டர்டிரைவ் தேய்ந்திருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்றிலும் சறுக்கும், நான்கு மட்டும் நன்றாக இருக்கும். செகண்ட் பிரேக் தேய்ந்திருந்தால் இரண்டிலும் நான்கிலும் தெரியும். ஓவர்டிரைவ் தேய்ந்திருந்தால் மூன்றிலும் நான்கிலும் தெரியும். நீங்கள் மூன்றிலோ நான்கிலோ சறுக்கல் இருப்பதாகச் சொல்லவே இல்லை. ஏறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் மேலே போய் வேகம் கூடாமல் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். ஆகவே கிளட்ச் எரிந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட முடியாது.

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குறை உட்கார்ந்திருப்பது அங்கேதான். அண்டர்டிரைவ் பிடித்தபடியே இருக்கிறது. செகண்ட் பிரேக் கையை விட வேண்டும், அதே கணத்தில் ஓவர்டிரைவ் கிளட்ச் பிடிக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் கோல் மாற்றிக் கொடுப்பது போன்ற வேலை இது. சீக்கிரம் விட்டால் எஞ்சின் ஒரு நொடி அலறும். தாமதமாக விட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வண்டி உதைக்கும். இரண்டாவது கியரின் விகிதம் 1.529, மூன்றாவதன் விகிதம் 1.000. அதாவது 3,000 ஆர்பிஎம்மில் மாறினால், உள்ளே சுழலும் தண்டு ஏறக்குறைய 1,960க்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைக் கியரைக் கட்டுப்படுத்தும் கணினி ஒரு சென்சார் வழியாகப் பார்த்துக்கொண்டே எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தச் சென்சார் பொய் சொன்னாலும், எண்ணெயின் தன்மை மாறிப்போனாலும், சொலினாய்டு (மின்சாரத்தால் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வு) மந்தமாக இருந்தாலும் கடைசியில் நீங்கள் உணர்வது ஒரே உதைதான்.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் எண்ணெய் அளவு. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போது, பிரேக்கை மிதித்துக் கியர்க் கோலை ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு வினாடி நிறுத்தி எடுத்து, பின் என்-இல் (நியூட்ரல்) வைத்து அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். குச்சியை வெள்ளைத் தாளில் துடைத்து நிறத்தையும் மணத்தையும் எழுதுங்கள். அடுத்து, பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, வேறொருவரை உள்ளே உட்கார்த்திக் கால் பிரேக்கை அழுத்தச் சொல்லி, என்-ஆர்-என்-டி (டி என்றால் முன்னோக்கு) என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்க வேண்டாம்.

நீலவண்டி (ஈப்போ)

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நேற்று மாலை நீங்கள் சொன்னபடியே பார்த்தேன்.

நான் இதுவரை எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் பார்த்து வந்திருக்கிறேன், அப்போதெல்லாம் மேல் கோட்டைத் தாண்டியே இருக்கும். நேற்று ஓடும் நிலையில் பார்த்தபோது 'ஹாட்' என்ற பகுதியின் கீழ்க் கோட்டுக்கு ஒரு விரல்கடையில் கால் பங்கு கீழே இருந்தது. தாளில் துடைத்தால் நடுவில் தேநீர்ச் சாயம் போன்ற பழுப்பு, ஓரத்தில் மட்டும் இலேசான சிவப்பு. எரிந்த ரொட்டி வாசனை என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அப்படி இல்லை. பழைய எண்ணெய் வாடை மட்டும்தான்.

எஞ்சின் சோதனையில்தான் வியப்பு. தம்பி ஆர்-க்குத் தள்ளியதும் எஞ்சின் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து, ஒரு கணம் கழித்து 'டம்' என்று உட்கார்ந்தது. காற்றுக் குழாயில் பளபளவென்று தேய்ந்த ஒரு தழும்பு இருப்பதை அப்போதுதான் கண்டேன்; எஞ்சின் ஒவ்வொரு முறை சாயும்போதும் அது பேட்டரித் தட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது. கைவிளக்கைப் பிடித்துக் கீழே பார்த்தேன். பின்பக்க மவுண்ட்டின் (எஞ்சினைத் தாங்கும் பிடி) ரப்பர் நடுவில் வாயைப் பிளந்திருக்கிறது, விரலை நுழைக்கலாம்.

கிள்ளான் ஃபோர்மன்

அப்படியானால் ஆர்-இல் வரும் சத்தத்துக்கு உரியவர் அகப்பட்டுவிட்டார். கிழிந்த மவுண்ட், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வரும் உதையையும் பெரிதாக்கிக் காட்டும்; சிறு தட்டலை உங்கள் முதுகு பெரிய உதையாக உணரும். ஆனால் சூட்டில் மட்டும் வருவதற்கும், ஏற்றத்தில் மாட்டிக்கொண்டதற்கும் மவுண்ட் காரணமாக முடியாது. எண்ணெய் அளவு குறைவாக இருப்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கலாம். ஆயினும், எஞ்சினை அணைத்து எடுத்தவுடன் எல்லாம் சரியானது என்கிறீர்களே, அது எண்ணெயின் குணம் அல்ல. அதை மின்கம்பி நண்பர் சொல்லட்டும். அது அவருடைய துறை.

மின்கம்பி (பட்டர்வொர்த்)

ஃபோர்மன் ஐயா அழைத்ததால் வருகிறேன். அணைத்து எடுத்ததும் சரியானது என்ற ஒரே வரி போதும். உங்கள் கார் மூன்றாவது கியரில் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. இந்தப் பெட்டியில் கணினி தன் கண்ணை நம்ப முடியாத நிலை வந்தால், சொலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும். அப்போது எண்ணெய் தானாகவே அண்டர்டிரைவையும் ஓவர்டிரைவையும் பிடிக்கும்படி வால்வுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே டி-இல் மூன்றாவது மட்டும் கிடைக்கும், ஆர்-உம் கிடைக்கும். பட்டறை வரை ஓட்டிப் போகலாம் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து மூன்றாவது கியரில் கிளம்பினால் மாட்டு வண்டி போலத்தான் இருக்கும். சாவியை அணைத்து எடுத்தால் கணினி மறுபடியும் நம்பிக்கையோடு தொடங்கும், குறை மீண்டும் தலைகாட்டும் வரை ஒழுங்காக ஓடும்.

இந்த நிலைக்குத் தள்ளும் காரணங்களில் நான் அதிகம் பார்த்தவை வேகச் சென்சார்கள். பெட்டியின் மேல் வெளியிலிருந்து திருகியபடி இரண்டு இருக்கும்: (எஞ்சின் பக்கத்திலிருந்து) உள்நுழையும் தண்டின் வேகத்தைப் பார்ப்பது ஒன்று, (சக்கரப் பக்கம்) வெளியேறும் வேகத்தைப் பார்ப்பது மற்றொன்று. இவை காந்தப்புலத்தை உணரும் ஹால் வகை, மூன்று கம்பி. சூடேறினால் மட்டும் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் குணம் இவற்றுக்கு உண்டு. குளிர்ந்த நிலையில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 'நல்ல சென்சார்' என்று சான்று கொடுப்பவர்களை என்ன சொல்வது!

எஞ்சின் விளக்கு எரிந்து அணைந்திருந்தாலும் பழுதுக் குறியீடு கணினியின் நினைவில் இருக்கும். பி0715 என்றால் உள்நுழையும் வேகச் சென்சார்; பி0720 என்றால் வெளியேறும் வேகம்; பி0731 முதல் பி0734 வரை வந்தால் அந்தந்தக் கியரின் விகிதம் கணக்கோடு ஒத்துவரவில்லை, அதாவது உண்மையிலேயே சறுக்கல் இருக்கலாம் என்று பொருள். பி0750 முதல் பி0765 வரையுள்ளவை சொலினாய்டுகளின் மின்சுற்றைப் பற்றியவை. குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள். பேட்டரியையும் கழற்ற வேண்டாம்.

குறியீடு ஒரு பக்கம் இருக்க, ஓடும்போது வரும் எண்களைப் பாருங்கள். இரண்டாவது கியரில் வெளியேறும் வேகம் 1,800 என்றால் உள்நுழையும் வேகம் 2,750 அளவில் இருக்க வேண்டும். மூன்றாவதில் இரண்டு எண்களும் ஒன்றாக நிற்க வேண்டும். கிளட்ச் சறுக்கினால் உள்நுழையும் எண் இருக்க வேண்டியதற்கு மேலே ஏறும், படிப்படியாக ஏறும். சென்சார் பழுதானால் எண் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்து எழும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் தண்டு ஒரு கணம் நின்று மறுபடி சுழல்வது நடக்காத காரியம் அல்லவா? அப்படி ஓர் எண்ணைக் கண்டால் பெட்டியைப் பிரிக்கும் பேச்சையே விட்டுவிடலாம்.

வேலி ஓரம் (பினாங்கு)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே குடும்பப் பெட்டியுள்ள வேறொரு கார் இருந்தது, இதே போன்ற உதைதான். ஒருவர் பேச்சைக் கேட்டு ஐந்து சொலினாய்டுகளையும் மாற்றினேன். உதை போகவில்லை. கழற்றிய பழையவற்றை ஆற அமர வீட்டில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஐந்தும் 3 ஓம் அளவில், ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாமல் இருந்தன. மாற்றுவதற்கு முன்பு அளந்திருந்தால் எழுநூறு வெள்ளி மிஞ்சியிருக்கும். கடைசியில் காரணம் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து பெட்டிக்கு வரும் பின்னல் கம்பி பச்சைப் பூத்து அரித்துப் போயிருந்ததுதான்.

மின்கம்பி (பட்டர்வொர்த்)

வேலி ஓரம் சொல்வதைக் கட்டாயம் பாருங்கள். முகப்பு விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றையும் போட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையைப் பெட்டியின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பின்னல் கம்பியைக் கழற்றித் தேய்த்து மாட்டாமல் வேறெந்தச் சென்சாரையும் குறை சொல்லக்கூடாது.

பழைய இரும்பு (சிரம்பான்)

எல்லாம் சரி. ஆனால் எண்ணெய் மாற்றுவதைப் பற்றி யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் உறவினர் ஒருவர் பழைய காரில் இயந்திரம் வைத்து மொத்த எண்ணெயையும் மாற்றினார். ஒரு மாதத்தில் நான்காவது கியர் போய்விட்டது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கிள்ளான் ஃபோர்மன்

நண்பரே, நீங்கள் பார்த்தது உண்மைதான். அதற்குக் காரணம் என்று நீங்கள் நினைப்பதுதான் தவறு. பெரும்பாலோர் கியர் சறுக்கத் தொடங்கிய பிறகே எண்ணெய் மாற்ற வருகிறார்கள். அதற்குள் கிளட்சின் உராய்வுப் பொருள் தேய்ந்து எண்ணெயோடு கலந்திருக்கும். அந்தப் பெட்டி எப்படியும் போகத்தான் இருந்தது. பழி புது எண்ணெயின் தலையில் விழுந்துவிட்டது. ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு தள்ளுவதை நானும் பழைய வண்டிகளுக்குச் செய்வதில்லை. அடியில் படிந்து கிடக்கும் கசடு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய வழிகளில் போய் உட்காரலாம். வடித்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி வடிப்பதே எனக்குப் பிடித்த வழி.

நீலவண்டியின் வண்டியில் எண்ணெயின் வகையும் ஒரு கேள்வி. இந்தப் பெட்டிக்கு எஸ்பி-III என்ற வகை எண்ணெய் வேண்டும். ரசீதில் வகை எழுதாமல் 'ஏடிஎஃப்' என்று மட்டும் எழுதும் பட்டறைகள் பெரும்பாலும் டிரம்மில் இருக்கும் டெக்ஸ்ரான் வகையைத்தான் எல்லா வண்டிக்கும் ஊற்றுகின்றன. இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கும், கையில் தொட்டாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கிளட்ச் பிடிக்கும் அந்தக் கால் நொடியில் உராய்வு எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக எண்ணெயில் கலக்கும் சேர்க்கைப் பொருள்கள் வேறு. எஸ்பி-IIIக்கு ஏற்பக் கணினியின் கணக்கு எழுதப்பட்டிருக்கும்போது வேறு எண்ணெய் ஊற்றினால், குளிரில் பொறுத்துக்கொண்டு சூட்டில் முரண்டு பிடிக்கும்.

பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 7.8 லிட்டர். ஒரு முறை வடித்தால் ஏறத்தாழ 4.3 லிட்டர்தான் வரும். மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) குளிர்விப்பானிலும் தங்கிவிடும். அப்படிப் பார்த்தால் முதல் முறைக்குப் பின் பழையது 45 விழுக்காடு, இரண்டாம் முறைக்குப் பின் 20, மூன்றாம் முறைக்குப் பின் 9. எட்டு மாதங்களுக்கு முன்பு நான்கு லிட்டர் மாற்றினீர்கள் என்றால் இப்போது உள்ளே இருப்பது பாதிக்குப் பாதி கலவை. மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நாள் ஓட்டுங்கள்.

ஸ்டால் சோதனை செய்யலாமா என்று ஒருவர் எனக்குத் தனியாகக் கேட்டிருக்கிறார். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒன்றாக அழுத்தி எஞ்சினை உறுமவிடும் அந்தச் சோதனையை இந்த வயதுப் பெட்டியில் வீட்டில் செய்ய வேண்டாம். செய்யத்தான் வேண்டும் என்றால் ஐந்து வினாடிக்கு மேல் கூடாது. எண்ணெய் நொடிக்கு நொடி கொதிக்கும்.

நீலவண்டி (ஈப்போ)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்னல் கம்பி. மின்கம்பி அண்ணன் சொன்னபடி அளந்ததில் 0.06 வோல்ட். அது குற்றவாளி இல்லை.

அடுத்து, கைப்பேசியோடு இணையும் சிறு கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டினேன். எஞ்சின் பக்கக் குறியீடுகளை மட்டும் காட்டியது, கியர் பக்கம் எதுவும் வரவில்லை. எனவே கருவி வைத்திருக்கும் மின்சாரப் பட்டறை ஒன்றுக்குப் போய், படிக்க மட்டும் 50 வெள்ளி கொடுத்தேன். நினைவில் இருந்தது பி0715 ஒன்றுதான். விகிதம் பற்றிய குறியீடு ஒன்றும் இல்லை. சொலினாய்டு பற்றியும் இல்லை. அதைப் பார்த்ததுமே பாதி பாரம் இறங்கியது.

பிறகு அந்தப் பட்டறைக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்து, கருவியை அவர் மடியில் வைத்து, அரை மணி நேரம் ஊர் சுற்றினோம். முதல் இருபது நிமிடம் எண்கள் கணக்குப்படியே இருந்தன. குளிர்சாதனத்தை முழுவதும் போட்டு நெரிசலில் நின்று நின்று ஓட்டிய பிறகு, இரண்டாவது கியரில் 48 கிலோமீட்டர் வேகத்தில், 2,700ஐ ஒட்டி இருந்த எண் பூச்சியத்துக்கு விழுந்தது. கண் இமைப்பதற்குள் மீண்டும் 2,700. அடுத்த கணமே மூன்றுக்கு மாறியது, முதுகில் உதை. வெளியேறும் வேகத்தின் எண்ணோ அசையவே இல்லை. "பாருங்கள், பாருங்கள்" என்று அவர் கருவியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் சாலையைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா?

அன்று மாலையே இணைப்பானைக் கழற்றிப் பார்த்தேன். ஊசிகள் சுத்தமாக இருந்தன, ஆனால் ரப்பர் மூடிக்குள் கியர் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. துடைத்து மாட்டி ஓட்டியதில் இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் உதை திரும்பியது. ஆகவே சென்சாரையே மாற்றினேன், 95 வெள்ளி. ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட், ஓர் ஓ-வளையம், அவ்வளவுதான் வேலை. பின் மவுண்ட் கூலியோடு 140. எஸ்பி-III மூன்று தடவைக்குமாக 13 லிட்டர், 364 வெள்ளி.

வடித்த எண்ணெயை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன். முதல் தடவை, காந்தம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு போல மெல்லிய படலம். விரலில் தேய்த்தால் மணல் போல் உறுத்தவில்லை. செதில்கள் எதுவும் இல்லை. மூன்றாம் தடவை அந்தப் படலமும் இல்லை. ஃபோர்மன் ஐயா, இது நல்ல அறிகுறிதானா?

கிள்ளான் ஃபோர்மன்

நல்ல அறிகுறி. களிம்பு வயதின் அடையாளம்; செதில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பளபளக்கும் மஞ்சள் நிறத் துகள் இருந்தால் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்), பழுப்பு நாரைப் போல இருந்தால் கிளட்ச். உங்கள் டப்பாவில் இரண்டும் இல்லை.

இன்னொன்று. சென்சார் பல மாதங்கள் தடுமாறிக் கொண்டிருந்த காலத்தில் கணினி ஒவ்வொரு மாற்றத்திலும் தவறான எண்ணைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்திருக்கும். இப்போது எண் சரியாக வந்தாலும் பழைய திருத்தம் நினைவில் இருக்கலாம். கருவி உள்ள பட்டறையில் அந்தக் கற்றலை அழித்துவிட்டு, எண்ணெய் சூடான நிலையில், பாதிக்கும் குறைவான கால் அழுத்தத்தில், ஒன்றிலிருந்து நான்கு வரை பல முறை ஏற்றி இறக்குங்கள். முதல் நாள் முன்பைவிட மோசமாகக் கூட இருக்கலாம், பதறிவிட வேண்டாம்.

வேலி ஓரம் (பினாங்கு)

ஒரு சந்தேகம். மூன்றில் சறுக்கல் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா? உதை நின்றுவிட்டது என்பதற்காக ஓவர்டிரைவ் கிளட்ச் நலமாக இருக்கிறது என்று பொருள் இல்லையே.

நீலவண்டி (ஈப்போ)

நியாயமான கேள்வி. கற்றலை அழிக்கப் போன அன்றே அதையும் பார்த்தோம். மூன்றாவது கியரில் 70 கிலோமீட்டர் வேகத்தில் காலை நன்றாக அழுத்தியபோதும் இரண்டு எண்களுக்கும் இடையே பத்து, பதினைந்துக்கு மேல் வேறுபாடு இல்லை.

கடந்த சனிக்கிழமை தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை ஏறினேன், நான்கு பேரோடு, குளிர்சாதனத்தோடு. அந்த வளைவுகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே எத்தனை முறை மாறியது என்று எண்ணவில்லை. எண்ணும்படி எதுவும் முதுகில் தட்டவும் இல்லை. மேலே போய் எஞ்சினை அணைக்காமல் குச்சியைப் பார்த்தேன்: ஹாட் பகுதியின் நடுவில், செந்நிறமாக.

மிச்சம் இருப்பது ஒன்று. விடியற்காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, பிரேக் போட்டு நிற்கப் போகும் நேரத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது இலேசாக ஒரு தட்டு கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. அப்பாவை உட்கார வைத்து ஓட்டினேன். "இது நான் வாங்கிய மூன்றாம் ஆண்டிலிருந்தே இருக்கிறது" என்கிறார். வரவேற்பறையில் கிடந்த பழைய மவுண்ட்டைக் கையில் வாங்கி, கிழிந்த இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த 3,800 வெள்ளிப் பட்டறையின் பெயரைக் கேட்டார். சொல்லவில்லை.

கிள்ளான் ஃபோர்மன்

விடியற்காலையில் வரும் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள், எண் கணக்கு சரியாக இருக்கும் வரை அதைத் துரத்த வேண்டாம். புதுச் சென்சாரின் ஓ-வளையத்தில் கசிவு இருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அடுத்த முறை வடிக்கும்போது எவ்வளவு வடிந்தது என்பதை அளந்து, அவ்வளவே ஊற்றுங்கள். பட்டறையில் மாற்றினால் ரசீதில் 'எஸ்பி-III' என்று எழுதி வாங்குங்கள்.